லைன் என்ற ஒரு சொல்

(நமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்த செயலாளர் மூன்று நிபந்தனை விதித்தார். "டீச்சர், இங்கிலிஸ் படிப்பிச்சவங்க நீங்க, இங்கிலிஸைப் பத்தியே ஏதாவது சுவையா சொல்லுங்க. பதினைஞ்சு நிமிஷத்துக்கு மேல வேணாம். யாரையும் அழ வைக்க வேணாம்." முதலிரண்டையும் காப்பாற்றுவேன். மூன்றாவதற்கு உறுதி தர முடியாது.

நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு ஆங்கிலச் சொல். நான்கே எழுத்து. லைன்.

எட்டாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் இதை ஒரு விளையாட்டாக வைப்பேன். கரும்பலகையின் நடுவே அந்தச் சொல்லை எழுதிவிட்டு, "இது எங்கெங்கே வருகிறது, சொல்லுங்கள்" என்பேன். பலகை நிறைந்துவிடும். கொப்பியில் இருப்பது லைன். கணித ஆசிரியர் போடுவது லைன். அவர் போடும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் முடிவே இல்லையாம். முடிவிருந்தால் அது கோட்டுத்துண்டு. பஸ் நிலையத்தில் நிற்பது லைன். டெலிபோன் பேசும்போது கட்டாவது லைன். மழைக்கு அறுந்து விழுவது கரன்ட் லைன். கிரிக்கெட்டில் பந்து தாண்டினால் நான்கு ஓட்டம் தருவது லைன். நாடகத்தில் மறந்துபோவது லைன். வீட்டுப்பாடம் செய்யாதவளுக்கு நூறு தடவை எழுதச் சொல்லிக் கொடுக்கும் தண்டனைக்கும் ஆங்கிலத்தில் லைன்ஸ்தான்.

பின் வாங்கிலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரும். என்னவென்று எனக்குத் தெரியும். "லைன் அடிக்கிறது" என்ற ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல ஒருத்திக்கும் துணிவில்லை. இப்போது சிரிக்கிறீர்களே, நீங்களும் அதே பின் வாங்கில்தான்.

இதற்கு மேல் ஆங்கிலேயர் பேச்சில் இன்னும் பல உண்டு. 'ட்ரொப் மீ எ லைன்' என்றால் எனக்கு ஒரு கடிதம் போடு. 'ஹோல்ட் த லைன்' என்றால் தொலைபேசியை வைத்துவிடாதே. 'டோ த லைன்' என்றால் சொன்னபடி நட. 'லைன் கிளியர்' என்பது ரயில் நிலையத்தில் பிறந்தது. பாதையில் வேறு வண்டி இல்லை, இனி வரலாம் என்று அடுத்த நிலையத்துக்குச் சொல்லும் சொல். நம் பக்கத்துக்கும் ஒரு லைன் இருந்தது. களனிவெளிப் புகையிரதப் பாதை 1902இல் அவிசாவளைக்கு வந்தது. அங்கிருந்து இரண்டரை அடி அகலச் சின்னத் தண்டவாளம் எட்டியாந்தோட்டை வரை போயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தக் கிளையை மூடினார்கள். நம் பாட்டிமாருக்குத் தெரிந்த அந்த லைன் நமக்கு வெறும் கதை.

ஒரு சொல்லுக்கு எப்படி இத்தனை வேலை வந்தது? இலத்தீன் மொழியில் லினும் என்றால் சணல் போன்ற ஒரு நார்ச்செடி. அதன் நாரில் திரித்த நூல் லீனியா. அந்த நூல்தான் லைன். லினன் துணியும் அதே செடியிலிருந்து வந்தது. துணிக்கு உள்ளே இன்னொரு துணி வைத்துத் தைப்பதற்கு லைனிங் என்று பெயர் வந்ததும் அதனால்தான். இங்கே பட்டுச் சேலையோடு வந்திருக்கும் எல்லாரும், பிளவுசுக்கு உள்ளே அந்தச் சொல்லை உடுத்திக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

நம் தமிழும் இதில் சளைத்ததல்ல. ஆங்கிலத்தில் நூல் என்ற சொல் வரியாயிற்று. தமிழில் நூல் என்ற சொல் புத்தகமே ஆயிற்று. மேசன் சுவர் கட்டும்போது பிடிப்பதும் நூல். நமது 'வரி'யைப் பாருங்கள். எழுதினால் வரி, வரிக்குதிரையின் உடம்பில் வரி, அரசாங்கம் வாங்குவதும் வரி.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். முப்பத்திரண்டு வருடம் அந்த விளையாட்டை வைத்தேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தோட்டத்திலிருந்து வருபவர்கள். பலகை நிறைய அர்த்தம் எழுதினோம். ஒரு அர்த்தத்தை மட்டும் ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. தான் குடியிருக்கும் லைனை.

அந்த லைன் எங்கிருந்து வந்தது? பட்டாளத்திலிருந்து. வெள்ளைக்காரன் இந்தியாவில் சிப்பாய்களுக்கு வரிசையாகக் குடிசை போட்டான். அதற்கு லைன்ஸ் என்று பேர். பொலிஸ்காரருக்குப் போட்டது பொலிஸ் லைன்ஸ். தன் சொந்த உத்தியோகத்தருக்குப் பெரிய வளவும் மரநிழலுமாக பங்களா கட்டிய இடம் சிவில் லைன்ஸ். டெல்லியிலும் கான்பூரிலும் அலகாபாத்திலும் இன்றும் அந்தப் பேரில் வசதியான குடியிருப்புகள் இருக்கின்றன. அதே சொல் மலைநாட்டுக்கும் சப்ரகமுவைக்கும் வந்தபோது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையாகச் சுருங்கிவிட்டது. விடியற்காலையில் நாம் போய் நின்ற 'பெரட்டு'ம் பட்டாளத்துச் சொல்தான், 'பரேட்' என்பதன் திரிபு. எழுந்து போய் நின்ற இடமும் திரும்பி வந்து படுத்த இடமும் பட்டாளத்துப் பேரோடு இருந்தன.

நம்மவர் வாயில் லைன் 'லயம்' ஆயிற்று. அறைக்குக் 'காம்பிரா' என்றார்கள். அது போர்த்துக்கேயச் சொல். லயக்காம்பிரா என்று சொல்லும்போது ஒரே அறைக்குள் இரண்டு சாம்ராஜ்யங்களைக் குடிவைக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேயிலைச் செடி வரிசைக்கு நம்மவர் லைன் என்று சொல்லவில்லை. அது 'நெரை'. நிரை என்ற பழைய தமிழ்ச் சொல். உழைத்த வரிசைக்குத் தமிழ்ப் பேர் வைத்தார்கள், ஏனென்றால் அது அவர்கள் கைபட்டு உருவானது. குடியிருந்த வரிசையை வேறொருவன் கட்டினான், அவன் வைத்த பேரே நின்றுவிட்டது.

நம் சங்கீத டீச்சர் ஒருநாள் "சுருதி மாதா, லயம் பிதா" என்று தொடங்கியதும் நாங்கள் ஏழெட்டுப் பேர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம். தாளத்தின் நடைக்கும் லயம் என்று பேர் உண்டென்று அன்றைக்குத்தான் தெரியும். சிரித்தவர்கள் யார் யார் என்பதை டவுன் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சிரித்தவர்கள் லயத்துப் பிள்ளைகள் என்று வகுப்புக்கே தெரிந்துபோயிற்று.

நான் அந்த வெட்கத்தோடுதான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். முதல் நாள் ஒருத்தி, "உங்க வீடு எப்படி?" என்று கேட்டாள். "குவார்ட்டர்ஸ்" என்றேன். குவார்ட்டர் என்றால் கால்வாசி. நான் சொன்னதில் கால்வாசி உண்மை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா றப்பர் பால் வெட்டியவர். மரத்தில் இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய முப்பது பாகைச் சரிவில் கோடு போடுவார். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன, அந்தப் பக்கமாக வெட்டினால்தான் அதிகம் குழாய் அறுபட்டுப் பால் நிறைய வரும். பட்டையைச் சீவும்போது ஒரு மயிரிழை ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. அவ்வளவு நேர்த்தியாகக் கோடு போட்ட கை என்னைப் படிக்க வைத்தது. நான் அவர் இருந்த வீட்டின் பேரைச் சொல்லக் கூசினேன்.

வெட்கத்தோடு போனால் பரவாயில்லை. இந்தச் சொல் அதைவிடப் பெரிய நட்டத்தையும் செய்திருக்கிறது. என் தோழி ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். "பேரைச் சொல்லாத, கதையைச் சொல்லு" என்று அவளே அனுமதி தந்திருக்கிறாள்.

1981ஆம் ஆண்டு. இருவரும் சாதாரண தரம் சித்தியடைந்தோம். வகுப்பில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. உறையில் அவள் பேர், தோட்டத்தின் பேர், தபாலகத்தின் பேர், அவ்வளவுதான். வேறு எழுத அவளுக்கு முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து ஆபிசுக்குப் போயிற்று. அவள் பேரில் அந்த டிவிசனில் மூன்று பேர் இருந்தார்கள். கொண்டுபோனவர் இரண்டாம் லயத்தில் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் ஆங்கிலம் வாசிக்க ஆளில்லை. ஏதோ சர்க்கார் கடுதாசி, பத்திரமாக இருக்கட்டும் என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். பத்தொன்பது நாள் கழித்து அது அவள் கைக்கு வந்தது. நேர்முகம் முடிந்து ஆறு நாள்.

இதில் கெட்டவர் எவருமில்லை. கடிதம் கொண்டுபோனவர் நல்லவர், வாங்கிவைத்த கிழவி அதைவிட நல்லவர். இல்லாமல் போனது ஒரு இலக்கம் மட்டும். அடுத்த மாதம் அவள் கத்தியும் வாளியும் எடுத்தாள். இருபத்தேழு வருடம் பால் வெட்டினாள்.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் ஒரு பிரிவு, சபைகள் தோட்டத்துக்குள் வந்து தாராளமாக வேலை செய்யத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். தனிக் காணியில் தனி வீடுகள் வந்துகொண்டிருக்கின்றன. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடு, 2017இல் மேலும் 10,000 என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் இன்னும் பெரும் எண்ணிக்கையானோர் லயத்தில்தான் இருக்கிறார்கள். 2016 மே மாதம் நம் மாவட்டத்தில் மலை சரிந்தது. அரநாயக்கையில் ஊர்கள் புதைந்தன. புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயம் புதைந்தது. எந்தக் காம்பிராவில் யார் இருக்கிறார் என்பது எழுத்தில் இருப்பது கடிதத்துக்கு மட்டும் தேவையான காரியமில்லை.

இந்த மலருக்காகப் பழைய மாணவியரின் முகவரிப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறிப் போன அக்காமார் நீலகிரியிலிருந்தும், புனலூர் றப்பர்த் தோட்டத்திலிருந்தும், சுள்ளியாவிலிருந்தும் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் சிலர் 'லைன் வீடு' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். கடல் தாண்டியும் சொல் விடவில்லை. இலண்டனிலும் டொரொன்டோவிலும் இருப்பவர்கள் வீட்டிலக்கம், வீதி, அஞ்சல் குறியீடு என்று ஒழுங்காக நிரப்பியிருக்கிறார்கள். இங்கே பக்கத்திலேயே இருக்கும் பலர்தான் முதல் வரியை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். சிலர் டவுனில் உள்ள ஒரு கடையின் பேரைப் போட்டு 'மே/பா' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தில் முதல் வரிக்கு என்ன தலைப்பு தெரியுமா? 'அட்ரஸ் லைன் ஒன்.' லைன் எது என்று கேட்ட இடத்தில் லைனை எழுத வெட்கப்பட்டிருக்கிறோம்.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, பட்டியலை அச்சிடுமுன் திருத்தி எழுதுங்கள். லயத்தின் இலக்கத்தையும் காம்பிராவின் இலக்கத்தையும் போடுங்கள். இலக்கம் இல்லையென்றால் மேலிருந்து எண்ணி நீங்களே வையுங்கள். இரண்டு, ஒவ்வொரு லயத்துக்கும் வீட்டிலக்கமும் பாதைப் பேரும் வேண்டுமென்று பிரதேச சபைக்கும் தபாலகத்துக்கும் நமது சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும். இலக்கம் போட்ட தகடு அடிக்கும் செலவைச் சங்கம் ஏற்கலாம்; வெளிநாட்டு அக்காமாரே, உங்களைத்தான் பார்க்கிறேன். மூன்று, அதுவரைக்கும், இந்த வருடம் பரீட்சை எழுதும் தோட்டத்துப் பிள்ளைகளின் உத்தியோகபூர்வக் கடிதங்கள் விரும்பினால் பாடசாலை முகவரிக்கு வரட்டும். வந்த அன்றைக்கே கையில் கொண்டுபோய்க் கொடுக்க எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறோம். அதிபர் சம்மதித்திருக்கிறார்.

லயம் நல்ல வீடு என்று நான் சொல்லவில்லை. அது போக வேண்டும், சீக்கிரம் போக வேண்டும். ஆனால் அது போகும்வரை அதில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

என் தோழி இன்று வந்திருக்கிறாள். காலையில் மேசைக்கு வந்து விண்ணப்பம் வாங்கினாள். பேனையைக் கேட்டாள். அவள் எழுதியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் வரியில், அழகான கையெழுத்தில்: நான்காம் லயம், ஏழாம் காம்பிரா.