குழாய்நீரின் கணக்கைக் கேட்போம்

(மெட்டுகுடா தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மெட்டுகுடாவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது போலக்பூர். 2009 மே மாதம் அங்கே குழாய்நீர் குடித்த ஏழை மக்கள் பலர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் வாந்திபேதியால் மருத்துவமனை சேர்ந்தனர். குடிநீரில் சாக்கடை கலந்திருந்தது.

புறப்படும் இடத்தில் சுத்தமான நீரும் வழியில் கெடும். ஆகவே நகரம் முழுவதற்கும் சொல்லப்படும் சராசரி நமக்குப் போதாது. பரிசோதனைத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது, மாதிரி எந்தத் தெருக் குழாயில், எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதே.

அடுத்து, ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரம் சொல்லும் மூன்று எண்கள். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி கிருமி அறவே இருக்கக் கூடாது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 2000 வரை பொறுக்கலாம். உப்பு குறைந்த நீரிலும் கிருமி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

தாளைக் காட்ட மறுத்தால்? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்தியக் குடிமக்கள் எவரும் கேட்கலாம். "நீ வெளியூர்க்காரன்" என்று தட்டிக்கழிக்க முடியாது. கட்டணம் 10 ரூபாய்; வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். எழுத வராதவர் வாயால் சொன்னால், எழுத்தில் கொண்டுவர அதிகாரியே உதவ வேண்டும்.

குழாயடியில் ஒருவரோடொருவர் சண்டையிட்டது போதும். தெருவுக்கொரு மனு எழுதுவோம். நம் குழந்தைகள் குடிக்கும் நீரின் கணக்கை நாமே கேட்டு வாங்குவோம்!