பிக்-அப் மேல் ஒரு வீடு: முதலில் நிழல், பிறகே வசதி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வட சிலாங்கூர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு வெப்பத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு லயத்து வீட்டின் தகரக்கூரை என்ன செய்யும் என்பது அவர்கள் உடம்புக்கே தெரியும். மதிய வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தொடும். அதன் அடியில் படுத்தவர், கையை நீட்டினால் படாத உயரத்தில் இருந்தும் அந்தச் சூட்டை நெற்றியில் உணர்வார். அதே கோல சிலாங்கூர் ஆற்றோரத்தில் நீப்பா ஓலையால் அத்தாப்பு வேய்ந்த வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஓலைகளுக்கு இடையில் காற்று இருந்தது; அந்தக் காற்றுதான் வீட்டைக் காத்தது.

இந்தப் பழைய அனுபவம் இன்று புதிய ஒரு பொருளுக்குத் தேவைப்படுகிறது. பிக்-அப் வண்டியின் பின்தொட்டியில் பொருத்தும் கேம்பர் கூடுதான் அந்தப் பொருள். ஓடும்போது அதன் கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தியதும் கூரையை மேலே தூக்கினால், சுற்றிலும் கித்தான் துணி சுவராக விரியும். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அமெரிக்காவில் 1970களிலேயே இவை பரவிவிட்டன. இங்கே 2020ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு, சொந்த வண்டியிலேயே தங்கிப் பயணம் செய்யும் ஆசை பல குடும்பங்களுக்கு வந்திருக்கிறது.

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. செம்பனை வேலைக்காக வாங்கிய இரட்டைக் கேபின் பிக்-அப் வீட்டில் நிற்கிறது. தைப்பூசத்திற்குப் பத்துமலை, பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை, நினைத்தால் ஜெராம், செகிஞ்சான் கடற்கரை. விடுதிச் செலவில்லாமல் பாட்டியையும் அழைத்துப் போக வேண்டும். பல ஆண்டுச் சேமிப்பு இதில் இறங்கப்போகிறது. விற்பனையாளர் நீளமான ஒரு பட்டியலை நீட்டுகிறார். எதை எடுப்பது, எதை விடுவது?

முதல் கேள்வி எடை

பட்டியலைத் திறப்பதற்கு முன் வண்டியின் பதிவு ஆவணத்தைத் திறக்க வேண்டும். சுமை இல்லாத எடை, சுமையோடு கூடிய உச்ச எடை என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வண்டி சுமக்கக்கூடிய அளவு. அது 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூடு 400 கிலோ. ஐந்து பேர் சராசரி 65 கிலோ என்றால் 325. அறுபது லிட்டர் தண்ணீர் 60 கிலோ. மின்கலம், அடுப்பு, எரிவாயு, மெத்தை, துணிமணி, சமையல் பொருள் எல்லாம் சேர்த்து 130. மொத்தம் 915 கிலோ! குளிர்சாதனம் இன்னும் ஏறவில்லை. அதற்குள் அளவு தாண்டிவிட்டது.

மயிலிறகானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பது தமிழர் அறிந்த பாடம். இங்கே அச்சு மட்டுமல்ல, பிரேக்கும் டயரும் சேர்ந்து பாதிக்கப்படும். கூடு உயரமானது, பாரம் மேலே ஏற ஏற வண்டி வளைவில் சாயும். தஞ்சோங் காராங் பக்கம் சதுப்பு மண்ணில் போட்ட சாலைகள் அலையலையாக இறங்கி ஏறுவதை அந்தப் பக்கம் ஓட்டுபவர்கள் அறிவார்கள். தோட்டத்துச் செம்மண் பாதையைச் சொல்லவே வேண்டாம். ஆகவே ஒவ்வொரு வசதிக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று ரிங்கிட், மற்றொன்று கிலோ.

பாட்டி எங்கே படுப்பார்?

இரண்டாவது கேள்வி இது. இரட்டைக் கேபின் வண்டியின் தொட்டி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம்தான். அதனால் பெரிய படுக்கை ஓட்டுநர் தலைக்கு மேல் நீளும் பகுதியில் அமையும். அங்கே போக ஏறித் தவழ வேண்டும். மூட்டுவலி உள்ளவர் அதை இரவில் இரண்டு முறை செய்ய முடியாது. முதியவர் இருக்கும் வீட்டில், பக்கவாட்டு இருக்கையே படுக்கையாக மாறும் அமைப்பு முதல் தேவை. கூடு தொட்டிக்குப் பின்னால் சற்று நீண்டிருந்தால்தான் அதற்கு இடம் கிடைக்கும். உறுதியான அகலப் படியும் கைப்பிடியும் இரண்டாவது தேவை. பாட்டியால் இறங்க முடியாத கூட்டில் மற்ற வசதிகள் எத்தனை இருந்தும் என்ன பயன்?

ஐவரும் ஒரே கூட்டில் உறங்குவதும் நடக்காது. நால்வர் உள்ளே, ஒருவர் வெளியே கூடாரத்தில் என்பதே நடைமுறை. இதை வாங்குவதற்கு முன்பே பேசி முடிவு செய்வது நல்லது.

வெப்பத் தடுப்பு யாருக்காக?

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். வெளிநாட்டுப் பட்டியல்களில் சூடாக்கி, வெந்நீர்க் கருவி, கித்தானுக்கு உள்ளே மாட்டும் தடித்த மெத்தைத் திரை எல்லாம் முன்னால் நிற்கும். அவை பனி பெய்யும் ஊருக்காக எழுதப்பட்டவை. அங்கே சூட்டை உள்ளே பிடித்து வைக்க வேண்டும். இங்கே சூட்டை உள்ளே வரவிடாமல் தடுக்க வேண்டும். வந்த சூட்டை உடனே வெளியே அனுப்ப வேண்டும்.

சூடு முக்கியமாகக் கூரை வழியாகத்தான் வருகிறது. அதற்கு மலிவான மருந்து வெள்ளை நிறம். கறுப்புக் கூரை விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கும். வெள்ளைக் கூரை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். அழகுக்காகக் கறுப்பு நிறம் கேட்பவர்கள் தகரக்கூரையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பளபளக்கும் அலுமினியத் தாள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தத் தாள் தன்மேல் படும் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும். தன்னிடமிருந்து கதிரை எளிதில் வெளியே விடாது. ஆனால் இந்த வேலையைச் செய்ய அதன் பளபளக்கும் பக்கத்தை ஒட்டி இரண்டு செண்டிமீட்டர் அளவாவது காற்று இடைவெளி வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவில் இறுக ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகம், சூட்டைக் கடத்தும். பளபளக்கும் முகம் கீழ்நோக்கி இருந்தால் தூசியும் படியாது.

மூன்றாவது, நுரைப் பலகை. மூடிய நுண்ணறைகள் கொண்ட, தண்ணீர் உறிஞ்சாத நுரை நல்லது. ஓர் அங்குல நுரைப் பலகை செய்யும் வேலையைப் பிளைவுட் செய்ய வேண்டுமானால் நான்கு அங்குலம் தேவைப்படும். எடையை எண்ணிப் பாருங்கள்! பாறைப் பஞ்சும் கண்ணாடிப் பஞ்சும் கட்டடத்துக்குப் பொருந்தும். குலுங்கி ஓடும் வண்டியில், இந்த ஈரக்காற்றில், அவை நீர் கோத்துச் சரிந்துவிடும். நனைந்த பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது, பூஞ்சையைத்தான் வளர்க்கும்.

நுரை வைத்த பிறகும் கூட்டின் அலுமினியச் சட்டங்கள் இருக்கின்றன. அவை நுரையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சட்டம் உள்ளே வெறுமையாகத் தெரிந்தால், அதன்மேல் மெல்லிய நுரைப்பட்டை ஒட்டச் சொல்ல வேண்டும். விற்பனையாளரிடம், “எத்தனை மில்லிமீட்டர் நுரை?” என்று மட்டும் கேட்டால் போதாது, “சட்டத்தின் மேல் என்ன போடுகிறீர்கள்? நுரை தீப்பிடித்தால் எப்படி எரியும்?” என்றும் கேட்க வேண்டும். தீயைத் தாங்கும் தரம் இல்லாத நுரை எரிந்தால் வரும் நச்சுப்புகை தீயைவிடக் கொடியது.

காற்றுதான் பாதி மருந்து

இரவில் கதை மாறுகிறது. உறங்கும் ஒருவரின் உடல் 70 வாட் அளவுக்குக் குறையாமல் சூடு தருகிறது. நான்கு பேர் என்றால் ஏறத்தாழ 300 வாட். அதோடு நால்வரின் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் காற்றில் கலக்கிறது. கூட்டை இறுக மூடினால் எவ்வளவு நல்ல வெப்பத் தடுப்பும் அந்தச் சூட்டையும் ஈரத்தையும் உள்ளேயே அடைத்து வைக்கும்.

லயத்து வீட்டில் விடியற்காலையில் தகரத்தின் அடியில் நீர் கோத்துச் சொட்டியது நினைவிருக்கும். கேமரன் மலையில், சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், இரவு 15 டிகிரியை ஒட்டி இறங்கும்போது கூட்டிலும் அதுவே நடக்கும். மெத்தையின் அடிப்பாகம் ஈரமாகும். மெத்தைக்கு அடியில் சட்டங்கள் வைத்துக் காற்று போக வழி செய்தால் பூஞ்சை வராது. மலையில் அந்த ஓரிரு இரவுகளுக்குச் சூடாக்கி வேண்டாம், கம்பளி போதும்.

ஆகவே, கித்தான் சுவரில் எதிரெதிரே பெரிய வலைச் சன்னல்களும், கூரையில் காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறியும் கட்டாயம் தேவை. வலையின் கண் மிக நுண்ணியதாக இருக்கட்டும். கடலோரச் சதுப்பில் கொசுவைத் தடுக்கும் வலையில்கூட அகாஸ் பூச்சி புகுந்துவிடும்.

மின்சாரக் கணக்கும் இதையே சொல்கிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலத்தில் சுமார் 1,280 வாட்-மணி இருக்கும். 25 வாட் விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 250 தான் செலவு. 500 வாட் குளிர்சாதனம் இரண்டரை மணி நேரத்தில் மின்கலத்தைக் காலி செய்துவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வார்கள்? இஞ்சினைப் போடுவார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

உயிருக்கு விலை இல்லை

இஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு அருகில் உறங்குவது கூடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் அது பிராண வாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். உறங்குபவர் விழிக்காமலே போய்விடுவார். மழைக்காகக் கூட்டுக்குள் அடுப்பு மூட்டுவதும் இதே ஆபத்துதான். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். எனவே உருளை வெளியே இருக்க வேண்டும், அல்லது அடியில் துளையுள்ள தனி அறையில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி சிறியது, எடையற்றது. பட்டியலில் முதலில் குறிக்க வேண்டியது அதுதான்.

தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மேற்குக் கரையில் பின்னிரவிலும் விடியலுக்கு முன்னும் சுமத்ரா காற்று திடீரென்று வீசும். தூக்கிய கூரையும் விரித்த பந்தலும் அதற்குப் பாய்மரம்போல் ஆகிவிடும். பந்தலைச் சில நிமிடங்களில் ஒருவரே சுருட்ட முடிகிறதா, கூரையை உள்ளே இருந்தே இறக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்து பார்க்க வேண்டும்.

வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கு உட்பட்டது. முன்பணம் கட்டும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பயனில்லை.

பட்டியலின் சுருக்கம்

வெள்ளைக் கூரை, காற்று இடைவெளியோடு கூடிய தாள், ஓர் அங்குல நுரை, வலைச் சன்னல், கூரை விசிறி, வெளியே நிழல் தரும் பந்தல், பாட்டிக்குத் தாழ்வான படுக்கை, எச்சரிக்கைக் கருவி. இவ்வளவுதான் தேவை. சூடாக்கியும் வெந்நீர்க் கருவியும் குளிர்சாதனமும் கடையிலேயே இருக்கட்டும். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

தகரக்கூரைக்கு அடியில் பிள்ளை வளர்த்த தலைமுறை, வெயில் ஏறினால் மரத்தடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தப் பாட்டியையே அழைத்துக்கொண்டு போய்க் கூட்டை வாங்குங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குக் கடைக்குப் போங்கள். வெயிலில் நிற்கும் கூட்டுக்குள் அவரைக் கால் மணி நேரம் உட்கார வையுங்கள். அவர் விசிறியைத் தேடாமல் உட்கார்ந்திருந்தால், தாராளமாகக் கையெழுத்துப் போடலாம்.