கடிதம் எழுதியவர்களிடமிருந்து தொடங்குவோம்



இந்தக் கருத்தரங்கிற்குத் தலைமை ஏற்கும்படி அமைப்பாளர்கள் கேட்டபோது பெருமையாக இருந்தது. கூடவே ஒரு தயக்கமும் இருந்தது. இத்துறையில் என்னைவிட நெடுங்காலம் உழைத்தவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் அடிப்படைகளை விளக்கி நேரத்தைக் கழிக்க மாட்டேன்.

'நகர்வாழ் இனுயிட் குடும்பங்களில் மொழியும் எழுத்தறிவும்' என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். கனடாவின் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆர்க்டிக் பழங்குடியினரான இனுயிட் என்று பதிந்தவர்கள் 70,545 பேர். அவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் தாயகமான வடபகுதிக்கு வெளியே வாழ்கிறார்கள். ஒட்டாவாவில் 1987 முதல் துங்கசுவ்விங்கட் இனுயிட் என்ற அமைப்பு இயங்கிவருகிறது. அங்கே பின்னர் தோன்றிய இனுயிட் சிறுவர் மையமும், அந்தக் குடும்பங்களோடு சேர்ந்து டொனா பாட்ரிக், ஜூலி ஆன் டோமியாக் ஆகியோர் செய்த ஆய்வும் நமக்குத் தெரிந்தவை. கட்டுரையாளர்கள் அவற்றை விரிவாகப் பேசுவார்கள்.

என் மனத்தை உறுத்துவது வேறு. நகர்வாழ் இனுயிட்டின் எழுத்தறிவு வரலாற்றை நாம் நலத்திட்டங்களிலிருந்து தொடங்குகிறோம். அதற்கு முன்னால் இருந்ததை 'வாய்மொழி மரபு' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். இது தவறு. நகரத்தில் இருந்த இனுயிட் குடும்பம் ஒன்று எழுதிய எழுத்து 1880லேயே இருக்கிறது.

ஆபிரகாம் உல்ரிகாபைச் சொல்கிறேன். லாப்ரடாரின் ஹெப்ரான் ஊர்க்காரர், வயது முப்பத்தைந்து, வயலின் வாசிப்பார். மொரேவிய மிஷன் கடையில் இருந்த கடனை அடைக்கலாம் என்று நம்பி, மனைவி உல்ரிகே, சிறுமி சாரா, கைக்குழந்தை மரியா, இளைஞன் டோபியாஸ் ஆகியோருடன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். விலங்கு வணிகர் ஹேகன்பெக்கின் மனிதக் காட்சிக்காக ஆள் பிடித்தவர் யாகப்சன். பெர்லின் விலங்குக் காட்சிச்சாலையில் வேலிக்குள் அவர்களை வைத்துக் காட்டினார்கள். அந்த வேலிக்குள் இருந்துதான் ஆபிரகாம் தன் மொழியில் நாட்குறிப்பு எழுதினார். கூட்டத்தின் இரைச்சலை எழுதினார். குடிலுக்குள் புகுந்தவர்களைத் தானே விரட்டியதை எழுதினார். டோபியாஸை யாகப்சன் நாய்ச்சாட்டையால் அடித்ததை எழுதினார். ஐரோப்பாவில் வந்து இறங்கியபோது யாருக்கும் அம்மை குத்தியிருக்கவில்லை. 1881 ஜனவரி முடிவதற்குள், உடன் வந்த மற்றொரு குடும்பத்தையும் சேர்த்து, எட்டுப் பேரும் பெரியம்மையில் இறந்தார்கள். நாட்குறிப்பின் மூலம் இன்று கிடைக்கவில்லை; மிஷனரி ஒருவர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. மானிடவியலார் அதை எடுத்தாண்டார்கள், காலனிய வரலாற்றாசிரியர்கள் எடுத்தாண்டார்கள். எழுத்தறிவு ஆய்வாளர்களாகிய நாம் மட்டும் அதை அடிக்குறிப்போடு விட்டுவிட்டோம்.

இதை முன்பு நான் எழுதியபோது, நான் பெரிதும் மதிக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர் மறுப்புரை எழுதினார். ஆபிரகாம் மிஷன் வளர்த்த விதிவிலக்கு, ஒருவரை வைத்து ஒரு சமூகத்தைப் பேசக் கூடாது என்பது அவர் வாதம். அவர் புலமைக்குத் தலைவணங்குகிறேன். அந்த முடிவை ஏற்க என்னால் இயலவில்லை. எழுத்தைக் கற்பித்த அந்த மிஷன் லாப்ரடார் கரையின் நெயினில் அமர்ந்தது 1771இல். ஆபிரகாம் எழுதியபோது அந்தக் கரையில் எழுத்துக்கு நூறாண்டு வயது கடந்திருந்தது.

கனடாவின் கிழக்கு ஆர்க்டிக்கில் நடந்தது இன்னும் வலுவான சான்று. கிரீ மொழிக்காக 1840இல் உருவான அசையெழுத்து பிறகு இனுயிட்டின் மொழியான இனுக்டிடுட்டுக்கு வந்தது. ஒரு முக்கோணம் மேல்நோக்கி நின்றால் 'இ', வலப்புறம் திரும்பினால் 'உ', இடப்புறம் திரும்பினால் 'அ'. இதைப் பரப்பியதில் பெக் போன்ற மிஷனரிகளுக்குப் பங்குண்டு. ஆனால் முகாம் முகாமாக அதைக் கொண்டுபோனவர்கள் இனுயிட்டே. தாய் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தாள், அண்ணன் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தான். அரசுப் பள்ளிகள் பரவலாக வந்தது 1950களில்தான். குடும்பமே பள்ளியாக இருந்த ஒரு சமூகத்துக்குக் 'குடும்ப எழுத்தறிவு' என்பதைப் புதிதாக அறிமுகம் செய்ததாக நாம் அறிக்கை எழுதுகிறோம்!

அந்த எழுத்து நகரத்துக்கும் வந்ததை அறிய, 1950களின் ஹாமில்டன் காசநோய் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். 'சி. டி. ஹோவ்' கப்பலில் எக்ஸ்ரே எடுத்து, நோய் கண்டவர்களை வீட்டாரிடம் விடைபெறக்கூட விடாமல் தெற்கே கொண்டுசென்றார்கள். 1956இல் கனடாவின் இனுயிட்டில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தென்பகுதி மருத்துவமனைகளில் இருந்தார். நூற்றுக்கணக்கில் இனுயிட் ஒரே இடத்தில் இருந்த பெரிய ஊராக அன்று ஹாமில்டன் ஆகிவிட்டது. அந்தக் கட்டில்களிலிருந்து அசையெழுத்தில் கடிதங்கள் வடக்கே போயின, பதில்கள் வந்தன. ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்த தாயையும் பிள்ளையையும் இணைத்தது அந்த எழுத்துதான். எழுதத் தெரியாத வயதில் கொண்டுவரப்பட்ட சிறுவர்களில் பலர் தாய்மொழியை மறந்து ஊர் திரும்பினார்கள். பெற்றவர்களோடு பேச அவர்களுக்கு மொழி இல்லை. மொழியிழப்பின் காரணத்தைக் குடும்பங்களில் தேடுகிறவர்கள் இந்த வார்டுகளை முதலில் படிக்க வேண்டும்.

எழுத்துச் சிக்கலையும் தொட்டாக வேண்டும். இனுயிட்டின் தேசிய அமைப்பான இனுயிட் தாப்பிரீட் கனடாமி 2019இல் பொதுவான ரோமன் எழுத்துமுறைக்கு ஒப்புதல் அளித்தது. வட்டாரங்களைக் கடந்த பாடநூல்களுக்கு அது தேவை. அதனால் நகரக் குழந்தைக்கு அசையெழுத்து வேண்டியதில்லை என்று நம்மில் சிலர் எழுதுவதைத்தான் மறுக்கிறேன். ஒட்டாவாவின் வானியர் பகுதியில் வளரும் ஒரு சிறுமியின் பாட்டி அசையெழுத்தில் எழுதுபவர் என்றால், அந்தச் சிறுமிக்கு முதலில் வேண்டியது பாட்டியின் எழுத்து. லாப்ரடார் குடும்பத்துப் பிள்ளைக்கு அது ரோமன் எழுத்தாக இருக்கும். எது முதலில் என்பதை வீட்டின் மூத்தவர் எழுதும் கையை வைத்து முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

காசநோய்க் காலத்தில் நடந்தவற்றுக்காகப் அன்றைய பிரதமர் ட்ரூடோ 2019 மார்ச்சில் இக்காலுயிட்டில் மன்னிப்புக் கேட்டார். தெற்கே இறந்தவர்களின் புதைகுழிகளை உறவினர்கள் தேடி அறிய உதவும் நனிலாவுட் பணியும் நடக்கிறது. கடிதங்களைத் தேடும் பொறுப்பு நம்முடையது. அவை குடும்பங்களின் பெட்டிகளிலும் வேதநூல் பக்கங்களுக்கு இடையிலும் இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, அவர்களையே உடன் ஆய்வாளர்களாக அமர்த்தி, ஒவ்வொரு கடிதத்தின் படியையும் அந்த வீட்டுக்கே திருப்பித் தரும் ஒரு தொகுப்புப் பணியை இந்தக் கருத்தரங்கு முடிவதற்குள் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.