கணக்கு நோட்டும் முதல் பாடமும்

 

இன்று பட்டம் பெற்று ஊர் திரும்பியதும் அங்குள்ள ஜனங்களோடு சேர்ந்து ஏதேனும் ஒரு நற்காரியம் செய்ய வேண்டும் என்ற உத்தேசம் உங்களில் சிலருக்கேனும் இருக்கும் என்று நம்புகிறேன். இன்றைய என் பேச்சு அந்தச் சிலருக்காகவே. அத்தகைய காரியத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை, நான் படித்த நூல்களில் இருந்ததன்று. புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்குவாரி ஒன்றில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி தந்தது.

1991-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 39 பேரே. அதற்கு முந்தைய ஆண்டில் எறணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டிருந்த உற்சாகத்தில், புதுக்கோட்டையிலும் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும், ஆசிரியர்களும், இளைஞர்களும், படித்த பெண்களுமாகப் பல்லாயிரம் பேர் ஊதியம் கருதாமல் இரவுதோறும் விளக்கேந்திக் கிராமங்களுக்குப் போனார்கள். கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்த நானும் அவர்களில் ஒருத்தி.

எனக்குக் கிடைத்தது குவாரியை ஒட்டிய ஒரு குடியிருப்பு. பாடப் புத்தகங்களையும் அரிக்கேன் விளக்கையும் எடுத்துக்கொண்டு கோயில் திண்ணையில் போய் அமர்ந்தேன். பதினோரு இரவுகள் அமர்ந்தேன். குழந்தைகள் வந்து விளக்கைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்களே தவிர, பெரியவர்கள் ஒருவரும் வரவில்லை. கல்வியின் மேன்மையை இந்த ஜனங்கள் உணரவில்லையே என்ற விசனத்தோடு, பன்னிரண்டாம் நாள் விடுப்பெடுத்துக்கொண்டு பகலிலேயே குவாரிக்குப் போய், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு சுத்தியலை வாங்கிக் கல் உடைத்தேன். வெகு நேரம் ஒருவரும் பேசவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு, அந்த மூதாட்டிதான் முதலில் வாய் திறந்தார்.

“ஏம்மா டீச்சரு, அனா ஆவன்னா கெடக்கட்டும். கணக்கப்பிள்ளை நோட்டுல எம் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லிக் குடுப்பியா? குடுத்தா வாரேன்.”

அன்றிரவு பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒன்று முதல் ஆறு வரை எண்களையும், வந்திருந்த ஏழு பெண்களின் பெயர்களையும் தரையில் சுண்ணக்கட்டியால் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை கூலி வாங்கும்போது அந்த அம்மாள் நோட்டைத் தம் பக்கம் திருப்பி, தம் பெயருக்கு நேரே ஐந்து என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, “ஆறு நாள் வந்தேன்” என்றார். குரலை உயர்த்தவில்லை, விரலையும் எடுக்கவில்லை. பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைத் தேடத் தொடங்கினார்கள். கணக்கு அங்கேயே திருத்தப்பட்டது. மறுநாள் இரவு திண்ணையில் இடம் போதவில்லை.

இதில் இன்னொரு படிப்பினையும் உண்டு. அந்தக் குடியிருப்பில் எனக்கு முதலில் அறிமுகமானவர், எதைக் கேட்டாலும் தயங்காமல் பேசக்கூடிய ஓர் இளைஞர். அவரையே தலைவராகக் கொண்டு காரியம் நடத்திவிடலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் பிரசவ வலி கண்ட வீட்டார் நள்ளிரவில் கதவைத் தட்டியது அந்த அம்மாள் வீட்டில். புருஷன் பெண்சாதி சண்டை தீர்ந்ததும் அந்த வாசலில். ஆகவே, நீங்கள் ஓர் ஊருக்குப் போனால், கூட்டத்தில் பேசுகிறவர் யார் என்பதைவிட, கூட்டம் கலைந்த பிறகு ஜனங்கள் யாரைச் சுற்றி நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

என் மாணவப் பருவத்து ஞாபகம் ஒன்றும் இவ்விடத்தில் வருகிறது. நான் தங்கிப் படித்த விடுதியில் கோடைதோறும் குடிநீருக்குக் கஷ்டம். நல்ல தமிழில் நீண்ட மனுக்களை நான் ஒருத்தியாகவே எழுதி எழுதி அனுப்பினேன், பதில் வரவில்லை. என் அறைத் தோழி அதிகம் பேசாதவள். அவள் ஒரு வாரம் ஒவ்வோர் அறையாகப் போய், விடியற்காலையில் யார் யார் எத்தனை குடம் சுமக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தாள். கேட்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டு, வார்டன் அறை வாசலில் அவளோடு நின்றார்கள். பத்தே நாளில் தண்ணீர் வந்தது. அதை நேரில் கண்டும், பதினோரு இரவுகளை வீணாக்கினேனே என்று பிற்பாடு வருந்தியிருக்கிறேன்.

அறிவொளி பரவிய விதமும் இப்படி ஜனங்களின் தேவையை ஒட்டித்தான். கூட்டத்துக்கு வருவதற்கும், பாடம் சொல்லப் பக்கத்து ஊருக்குப் போவதற்கும் பெண்கள் ஓர் ஆணின் துணைக்கோ, எப்போதோ வரும் பேருந்துக்கோ காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது, சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடாயிற்று. அவ்வாறு சைக்கிள் கற்ற கிராமப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கல்குவாரிகளின் குத்தகையே பெண்கள் குழுக்களின் கைக்கு வந்த இடங்களும் உண்டு. 1992-இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பைக் காட்டிலும், தன் பெயருக்கு நேரே விரலை வைத்த அந்தப் பெண்மணியையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

பட்டம் பெற்ற நீங்கள் ஜனங்களிடம் போகும்போது, கொடுப்பதற்கு ஏராளமாகக் கொண்டு போவீர்கள். தயவுசெய்து அதைச் சில நாட்கள் பையிலேயே வைத்திருங்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் உட்காருங்கள். அவர்களுக்கு ஓய்வுள்ள நேரத்தில் போங்கள். அவர்கள் கேட்கும் காரியம் எவ்வளவு சிறியதாயினும் அதையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு திருத்தப்பட்டு இரண்டாண்டுகள் கழித்து ஒரு மாலை அந்தக் குவாரிக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். தெருக்குழாய் வேண்டும் என்று பஞ்சாயத்துக்கு எழுத, அவர்களே கூட்டம் கூட்டியிருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது தீர்மானம் எழுதி, கையெழுத்துகளும் போட்டு முடித்திருந்தார்கள். திண்ணையில் எல்லோருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டு வந்த பெண், எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள்.