கப்பலேறியவரைத் தேடும் வழி

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு அங்க அடையாளம் என்றொரு கலமும் அதில் உண்டு. குன்னம் வட்டாரத்தில் ஆசிரியப் பணி ஆற்றிய காலத்தில், ‘இடக் கன்னத்தில் ஒரு மச்சம்’, ‘வல முழங்காலில் ஒரு தழும்பு’ என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன். அக்கலத்தின் அருமை, நேட்டால் கப்பற் பட்டியல்களைப் பற்றி அறிந்த பின்னரே எனக்குப் புலப்பட்டது.

நேட்டால் என்பது தென்னாப்பிரிக்காவின் கீழ்க்கரையில் ஆங்கிலேயர் ஆண்ட குடியேற்ற நாடு. அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல், 342 பேரோடு நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. 1911ஆம் ஆண்டுவரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். பஞ்சமும் கடனும் ஒருபுறம் துரத்தின. ஆள் பிடிக்கும் தரகரின் ஆசை வார்த்தை மறுபுறம் இழுத்தது. ஊரில் எஞ்சிய பெற்றோருக்கோ, ‘அக்கரை போனான், திரும்பவில்லை’ என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாமற் போயிற்று.

ஆயினும் கப்பலேறிய ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி எழுதப்பட்டது. குடியேற்ற எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், அங்க அடையாளம் என்று கலங்கள் அமைந்த பட்டியல் அது. அன்பினால் எழுதப்பட்டதன்று, ஆளைக் கணக்கில் வைப்பதற்காக எழுதப்பட்டது. எனினும், தோட்ட முதலாளிக்குப் பயன்பட்ட அதே வரி இன்று கொள்ளுப் பேரர்களுக்குக் கைவிளக்காக உதவுகிறது. இப்பட்டியல்களை டர்பன் நகரத்துக் காந்தி-லுத்துலி ஆவண மையம் கணினியில் தேடும்படி அமைத்துள்ளது.

தேடுவோர் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும்.

முதலாவது, அக்கால எல்லை. பெரம்பலூர் மாவட்டம் தோன்றியது 1995இல். அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது 2007இல். பழைய பட்டியலில் இப்பகுதியைத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் கீழ்த்தான் தேடவேண்டும்.

இரண்டாவது, எழுத்து. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர், தமக்குக் கேட்டபடி எழுதினார். அங்கே கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார். ஆகவே ஆங்கில எழுத்தைக் கண்ணால் படித்தால் மட்டும் போதாது. வாய்விட்டு ஒலித்துப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, ஒப்புநோக்கல். ஒரே பட்டியலில் முனுசாமி பலர் இருப்பர். குன்னம் என்னும் பெயருடைய ஊரும் தமிழ்நாட்டில் ஒன்றன்று. தகப்பன் பெயரும், தாணாவும், தழும்பும் ஒத்துவந்தால்தான் இவர் நம்மவர் என்று துணியலாம். ஒன்று ஒத்தவுடனே மகிழ்ந்து முடிவு செய்தால், பிறர் வீட்டுப் பிள்ளையை நம் வீட்டுக் கணக்கில் எழுதியவர் ஆவோம்.

ஆள் உறுதியானபின் அவருடைய குடியேற்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் பலவாறு திரிந்தாலும் எண் திரியாது. திருமணம், இறப்பு, தாயகம் திரும்புதல் ஆகியவற்றைக் குறித்த ஏடுகளில் அவரைப் பின்தொடர அதுவே துணை.

ஆனால் பட்டியல் பாதி வேலையைத்தான் செய்யும். எந்தப் பெயரைத் தேடுவது என்பதை அது நமக்குச் சொல்லாது. வீட்டுப் பெரியவர்தாம் சொல்லவேண்டும். ஆகையால், இன்று மாலையே உங்கள் பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நம் குடும்பத்தில் கப்பலேறிப் போனவர் யாரேனும் உண்டா? அவர் தகப்பனார் பெயர் என்ன?’ கிடைக்கும் விடையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வையுங்கள். அக்கரையில் உள்ள பட்டியல் காத்திருக்கும். பாட்டியின் நினைவு அவ்வாறு காத்திராது.