ரிப்போர்ட் நார்மல், ஆனால் நோய் பொய்யல்ல



நம் மருத்துவ முகாமுக்கு வருகிறவர்களில் ஒரு சாராரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வயது முப்பது, நாற்பது. கையில் ஒரு பை நிறைய இ.சி.ஜி., எக்கோ. எல்லாமே நார்மல். "ஒண்ணுமில்லைங்கறாங்க டாக்டர். ஆனா உயிர் போற மாதிரி வருதே" என்பார்கள்.

அவர்கள் நடிக்கவில்லை. திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், வியர்த்துக் கொட்டும், இதோ மவுத்தாகிவிடுவோம் என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணியும். இதுதான் பேனிக் அட்டாக். நாய் துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது அல்லவா? இங்கே நாய் இல்லாமலே அது நடக்கிறது. மூச்சை வேகவேகமாக இழுப்பதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல்கள் மரத்து, தலையும் சுற்றும்.

முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதன்பிறகும் ஊர் ஊராக ஸ்கேன் எடுப்பது வீண் செலவு.

பெரிய நஷ்டம் பயந்து ஒதுங்குவதில் இருக்கிறது. பஸ் ஏற மாட்டார். கடையில் தனியாக உட்கார மாட்டார். ஜும்ஆவில் கடைசி ஸஃப், அதுவும் வாசலோரம். கடைசியில் வேலையே போய்விடும்.

இன்னொரு வகை, ஓயாத கவலை. கடன், பிள்ளையின் படிப்பு, மகளின் நிக்காஹ் என்று ஆறு மாதத்துக்கு மேலாக மனம் ஓடிக்கொண்டே இருக்கும், தூக்கம் வராது. பெண்களிடம் இது அதிகம். அவர்களோ கவலை என்று சொல்வதில்லை. தலைவலி, வயிறு சரியில்லை என்பார்கள். நாலு பேர் முன்னால் பேச நடுங்கிப் பதவி உயர்வையே மறுப்பவர்களும் உண்டு.

2019இல் உலகில் சுமார் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சை கிடைப்பது நாலில் ஒருவருக்குத்தான்.

'ஈமான் பலவீனம்' என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளியிடம் அப்படிச் சொல்வோமா? துஆ கேளுங்கள், ஓதிப் பாருங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

சிகிச்சை இரண்டு வழி. ஒன்று, பேச்சு வழிச் சிகிச்சை. பயப்படும் இடத்துக்குப் படிப்படியாகத் திரும்பப் போகப் பழக்குவார்கள்: முதலில் ஒரு ஸ்டாப் பஸ் பயணம், பிறகு இரண்டு. மற்றது, எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; முதல் வாரத்தில் படபடப்பு கூடவும் செய்யலாம். நிறையப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். குணமான பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அல்ப்ராசோலம் வேறு. உடனே அமைதி தரும், சீக்கிரமே பழகிவிடும். ஏற்கெனவே நாள்தோறும் சாப்பிடுபவர்கள் திடீரென நிறுத்தவும் கூடாது, ஆபத்து. டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். டீ, காபியைக் குறைப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். நாளுக்கு எட்டு டீ குடித்துவிட்டுப் படபடப்பு என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள்!

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.