மலைவழியும் நீதிமன்ற வாயிலும்



சில ஆண்டுகளுக்கு முன், மன்னவனூரிலிருந்து கோடைக்கானலுக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். பூம்பாறையில் ஏறிய ஒரு பெண் என் அருகில் அமர்ந்தார். பூண்டுத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். நான் வழக்கறிஞர் என்று அறிந்ததும் மெல்லக் கேட்டார்:

"வீட்டுக்காரரு குடிச்சிட்டு அடிக்கிறாரும்மா. அனுசரிச்சுப் போன்னு ஊர்ப் பெரியவங்க சொல்றாங்க. கோர்ட்டுக்குப் போனாலும் அதையேதான் சொல்லுவாங்களாமே?"

அவ்வினாவிற்கு அன்று நான் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

அவர் கேள்விப்பட்டதில் ஓரளவு உண்மை உண்டு. மணமுறிவு, ஜீவனாம்சம் போன்ற வழக்குகளை விசாரிப்பவை குடும்ப நீதிமன்றங்கள். அவற்றை நிறுவிய 1984ஆம் ஆண்டுச் சட்டம், இரு தரப்பாரிடையே இணக்கம் காண முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியிருக்கிறது. நோக்கம் நல்லதே. ஆயினும், வழக்கின் தன்மைக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ப இயலும் இடத்தில்தான் அம்முயற்சி என்று அச்சட்டமே வரம்பும் கட்டியிருக்கிறது. மனத்தாங்கல் வேறு, ஓங்கிய கை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதே நம் சமுதாயத்தின் பெரும்பிழை.

அப்பிழையைத் திருத்த வந்ததே குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம். அது 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்தது. அடிப்பது மட்டுமன்று, இழித்துப் பேசுவதும், செலவுக்குப் பணம் தராமல் வருத்துவதும் அதன்படி வன்முறையே. பாதிக்கப்பட்ட பெண் நடுவர் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். பொதுவாக மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை நடைபெற வேண்டும். அதிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும். அவசரமாயின் எதிர்த்தரப்பைக் கேட்குமுன்பே இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். ஆணையை மீறுபவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. குடும்ப நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருந்தால், இப்பாதுகாப்பை அங்கேயே கேட்டுப் பெறலாம்.

இனி, மலைவாழ் மக்களுக்கு முக்கியமான ஒன்று. மலையிறங்கிப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் நீதிமன்றம் எங்கே இருக்கிறது என்பதும் ஒரு பெரிய கேள்வியே. பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திற்குரிய நடுவர் நீதிமன்றமே போதும் என்கிறது சட்டம். கோடைக்கானலில் வாழ்பவர் அங்கேயே மனுக் கொடுக்கலாம். அடிக்கு அஞ்சிப் பழனியில் தாய்வீடு வந்தவர் பழனியிலும் கொடுக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டுவதில்லை. வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

இச்சட்டத்திலும் ஆலோசகர் வழியே இணக்கம் காண இடம் உண்டு. ஆனால், 'அவள் எதிர்த்துப் பேசினாள். அதனால் அடித்தேன்' என்று நியாயம் கற்பிக்க அங்கே கணவனுக்கு அனுமதி இல்லை. இனி வன்முறை செய்யமாட்டேன் என்று அவன் உறுதிமொழியும் தர வேண்டும். 2006ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன.

இவற்றையெல்லாம் கேட்ட அந்தப் பெண், கோடைக்கானலில் இறங்கும்போது, "அப்ப, முதல்ல அடி நிக்கணும், பேச்சு அப்புறம்தானேம்மா?" என்றார். அத்தனை சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரிந்திருக்கவில்லை.

மாணவர்களே, உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு பெண் துன்புறுகிறாள் என்று நம்பக் காரணம் இருந்தால், யார் வேண்டுமானாலும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்குத் தொடர முடியாது. தமிழ்நாட்டில் 181 என்னும் தொலைபேசி உதவி எண்ணும் இருக்கிறது. 'அது அவர்கள் வீட்டு விவகாரம்' என்று கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். அடுத்த வீட்டு அழுகுரல் நம் காதில் விழுந்தபின், அது நம் விவகாரமும் ஆகிவிடுகிறது.